2001 ஜூலையில் நிற்கும் கால்பந்து உலகம்

கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "நாற்பது வயதை ஒட்டிய அண்ணன்மார் சிலர் 'சாம்பியன்ஷிப் மேனேஜர் 01/02' என்ற பழைய கணினி விளையாட்டை இன்றும் விடாமல் ஆடுகிறார்கள். நானும் திறந்து பார்த்தேன். ஆட்டக்காரரும் தெரியவில்லை, பந்தும் தெரியவில்லை. பட்டியல்களும் எழுத்துகளும்தான். அதில் அப்படி என்ன இருக்கிறது? இளமை நினைவு மட்டும்தானா? புதிதாகத் தொடங்கும் ஒருவனுக்கு அதில் ஏதாவது கிடைக்குமா?"

நிறையக் கிடைக்கும் தம்பி. அந்த அண்ணன்மாரில் நானும் ஒருவன். மதுரையில் அதை ஆடி வளர்ந்தவன். இளமை நினைவு அதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் என் இளமையில் நான் ஆடிய மற்ற விளையாட்டுகள் எதையும் இன்று தேடிப் போகவில்லையே. இதை மட்டும் ஏன் தேடுகிறேன் என்பதற்குத் தனியாக ஒரு காரணம் இருக்கிறது. அதற்கு வருவதற்குள் கொஞ்சம் முன்கதை சொல்ல வேண்டும்.

இந்த விளையாட்டில் உங்களை ஒரு கால்பந்துக் கழகத்தின் மேனேஜராக உட்கார வைப்பார்கள். ஆட்டக்காரரை வாங்குவது, விற்பது, சம்பளம் பேசுவது, பயிற்சி வகுப்பது, யார் களமிறங்குவது என்று முடிவெடுப்பது எல்லாம் உங்கள் பொறுப்பு. பந்தை உதைக்கும் வேலை மட்டும் உங்களுடையது இல்லை. தொடர்ந்து தோற்றால் நிர்வாகக் குழு வேலையைவிட்டு அனுப்பிவிடும். வேறு கழகத்தில் வேலை தேடிக்கொள்ளலாம். இப்படியே இருபது முப்பது ஆண்டுகள் ஒரு மனிதரின் முழுத் தொழில் வாழ்க்கையையும் ஓட்டலாம்.

இந்த வகைக்குப் பாதை போட்டவர் கெவின் டாம்ஸ். அவருடைய 'ஃபுட்பால் மேனேஜர்' 1982-இல் வந்தது. நாம் பேசும் விளையாட்டு, இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரைச் சேர்ந்த பால் காலியர், ஆலிவர் காலியர் என்ற சகோதரர்கள் பள்ளி வயதில் வீட்டு அறையில் உட்கார்ந்து எழுதத் தொடங்கியது. 1992-இல் டோமார்க் நிறுவனம் அதை வெளியிட்டது. முதல் பதிப்பில் ஆட்டக்காரர் பெயர்களெல்லாம் கற்பனை. 93/94 பதிப்பில் உண்மைப் பெயர்கள் வந்தன. 01/02 பதிப்பு 2001 அக்டோபரில் வெளியானது. 2003-இல் வந்த 'சாம்பியன்ஷிப் மேனேஜர் 4'-இல் மேலிருந்து பார்க்கும் களமும் அதில் ஓடும் வட்டங்களும் வந்துவிட்டன. ஆகவே, ஆட்டத்தை எழுத்தால் மட்டுமே சொன்ன கடைசிக் கணினிப் பதிப்பு 01/02. பிறகு சகோதரர்களின் ஸ்போர்ட்ஸ் இன்டராக்டிவ் நிறுவனமும் வெளியீட்டாளரான ஐடோஸும் பிரிந்தன. பெயர் ஐடோஸுக்குப் போனது. விளையாட்டின் மூல நிரலும் தகவல் தொகுப்பும் சகோதரர்களிடம் நின்றன. அவர்கள் சேகா நிறுவனத்துடன் சேர்ந்து 2004 நவம்பரில் கொண்டுவந்ததுதான் இன்றுவரை தொடரும் 'ஃபுட்பால் மேனேஜர்'.

வரலாறு போதும். கோரிப்பாளையத்துக்கு வருகிறேன்.

2002-இல் உலகக் கோப்பை ஜப்பானிலும் கொரியாவிலும் நடந்தது. நம் நேரப்படி முதல் ஆட்டம் உச்சிப்பொழுது 12 மணிக்கு, அடுத்தது இரண்டரைக்கு, கடைசி ஆட்டம் மாலை ஐந்துக்கு. பகல் முழுவதும் கால்பந்து. அந்த ஒரு மாதத்தில் பிடித்த காய்ச்சல்தான் எங்களுக்கு இறங்கவே இல்லை. அரசரடி ரயில்வே மைதானத்தில் காலையில் ஆடிவிட்டு, மாலையில் கோரிப்பாளையத்தில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போவோம். மாடிப்படிக்கு அடியில் ஐந்து கணினிகள், மணிக்கு 20 ரூபாய். நானும், முனிச்சாலையில் சௌராஷ்டிர நெசவுக் குடும்பத்தில் பிறந்த என் நண்பனும் ஆளுக்குப் பத்து ரூபாய் போடுவோம். கடை அண்ணன் யாரிடமோ வாங்கிய சிடியிலிருந்து அந்த விளையாட்டை மூன்றாம் எண் கணினியில் ஏற்றி வைத்திருந்தார். அதனால் மூன்றாம் எண் எங்கள் கணினி ஆயிற்று.

விளையாட்டில் 26 நாடுகளின் லீக்குகள் இருந்தன. எங்கள் கணினியால் ஒன்றைத்தான் தாங்க முடியும். இங்கிலாந்தை மட்டும் எடுத்தோம். அப்படியும் ஒரு நாளிலிருந்து அடுத்த நாளுக்குப் போகச் சொல்லிப் பொத்தானை அழுத்தினால், எங்கெங்கோ நடக்கும் ஆட்டங்களின் முடிவுகளை அது கணக்கிட்டு முடிப்பதற்குள் வெளியே போய் ஒரு குவளை பருத்திப்பால் குடித்துவிட்டு வந்துவிடலாம்.

எந்தக் கழகம்? எல்லாரும் மான்செஸ்டர் யுனைடெட், அர்செனல் என்று எடுப்பார்கள். நாங்கள் பரி என்ற கழகத்தை எடுத்தோம். காரணம் ஒன்றே ஒன்று: பைச்சுங் பூட்டியா. சிக்கிமின் திங்கிதாம் என்ற மலைக் கிராமத்தில் பிறந்த அவர், 1999-இல் பரியில் சேர்ந்து 2002 வரை அங்கே ஆடினார். ஓர் இந்தியர் ஆடும் ஐரோப்பியக் கழகம் என்பதே எங்களுக்குப் போதுமான காரணமாக இருந்தது.

பரி மான்செஸ்டரை ஒட்டிய சின்ன ஊர். ஒரு காலத்தில் துணி ஆலைகளால் வாழ்ந்த ஊர். தறியில் குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாவைக் கையால் தள்ளாமல் கயிற்றை இழுத்து ஓடவிடும் முறையை 1733-இல் கண்டுபிடித்த ஜான் கே அந்த ஊரின் அருகே பிறந்தவர். இதை எங்கேயோ படித்துக்கொண்டு வந்து சொன்னவன் என் நண்பன். அவன் வீட்டுத் தறியில் ஓடிய நாடா பரியிலிருந்து வந்தது என்ற எண்ணம் அவனை அந்தக் கழகத்தோடு கட்டிப் போட்டுவிட்டது. ஆலைச் சங்கு கேட்டு எழுந்த ஊர் மதுரை. அங்கிருந்து பார்க்கும்போது பரி எங்களுக்கு அந்நியமாகத் தெரியவில்லை.

பரியின் பெருமையும் சிறியதில்லை. 1885-இல் தொடங்கிய கழகம். 1900-இலும் 1903-இலும் இங்கிலாந்தின் தேசியக் கோப்பையான எஃப்.ஏ. கோப்பையை வென்றது. 1903 இறுதியாட்டத்தில் டெர்பியை 6-0 என்று வீழ்த்தியது. அந்தக் கோப்பையின் இறுதியாட்டத்தில் அதைவிடப் பெரிய வித்தியாசத்தில் யாரும் வென்றதில்லை. 2019-இல் மான்செஸ்டர் சிட்டி வாட்ஃபோர்டை அதே கணக்கில் வென்று சமன் செய்தது, அவ்வளவே. நாங்கள் எடுத்தபோது பரி இரண்டாம் டிவிஷனில் இருந்தது. பெயர்தான் இரண்டு. பிரீமியர் லீகிலிருந்து எண்ணினால் மூன்றாம் படி. கையில் பணமே இல்லாத கழகம்.

இப்போது நீங்கள் குறையாகச் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். ஆட்டம் நடக்கும்போது திரையில் ஒரு பட்டை இருக்கும். அதில் ஆங்கிலத்தில் ஒவ்வொரு வரியாக வரும். இன்னார் பந்தைப் பறிக்கிறார். வலப்பக்கம் ஓடுகிறார். குறுக்கே தூக்கி அடிக்கிறார். அடுத்த வரி வருவதற்கு ஒரு நொடி ஆகும். அந்த ஒரு நொடியில் நானும் நண்பனும் மூச்சை அடக்கிக்கொண்டு கிடப்போம். கிக் லேன் என்ற பரியின் மைதானத்தை நாங்கள் ஒரு புகைப்படத்தில்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் அந்தப் புல், மழை, இடப்பக்கக் கோல் கம்பம் எல்லாம் எங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்த கிக் லேனில் அரசரடி மைதானத்துச் செம்மண்ணும் சுற்றுச்சுவரும் இருந்தன. நண்பனுடைய கிக் லேன் வேறு மாதிரி. ஒரே வரியைப் படித்து இருவரும் இரண்டு கோல்களைப் பார்த்தோம். பிறகு படிக்கட்டில் உட்கார்ந்து, அந்தக் கோல் தலையால் முட்டியதா, பாய்ந்து விழுந்து முட்டியதா என்று சண்டை போட்டோம். வானொலியில் கிரிக்கெட் வர்ணனை கேட்டு வளர்ந்த உங்கள் அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். நான் சொல்வது அவருக்கு உடனே புரியும்.

தமிழ்வழியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வந்த எனக்கு அது ஆங்கிலப் பாடமும்கூட. கடனாக ஆட்டக்காரரை அனுப்புவது, ஒப்பந்தம் முடிந்தவரை இலவசமாக எடுப்பது, நிர்வாகக் குழுவின் நம்பிக்கை என்பதற்கெல்லாம் உரிய சொற்களை அங்கேதான் கற்றேன். மனதில் தைத்த சொல் ஒன்று உண்டு: வேலை அனுமதி. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து ஒருவரை எடுத்தால் சில நாளில் செய்தி வரும், அனுமதி மறுக்கப்பட்டது என்று. விளையாட்டுக்காகப் புனைந்த விதி அல்ல அது. அப்போது பிரிட்டனில் நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. ஆட்டக்காரரின் நாடு ஃபிஃபா தரவரிசையில் முதல் 70 இடங்களுக்குள் இருக்க வேண்டும், அவர் தம் நாட்டின் முக்கிய ஆட்டங்களில் நான்கில் மூன்று பங்கில் ஆடியிருக்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். இந்திய இளைஞனுக்கு அந்தக் கதவு எவ்வளவு குறுகலானது, பூட்டியா எவ்வளவு அபூர்வமானவர் என்பதைப் பத்தொன்பது வயதில் எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த ஒரு வரிச் செய்தி.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது.

இந்த விளையாட்டின் உயிர் அதன் தகவல் தொகுப்பில் இருக்கிறது. ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் வேகம், கோலடிக்கும் திறன், பந்தைக் கடத்தும் திறன், துணிச்சல் என்று பல குணங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 20 வரை எண். இவற்றுக்கு அடியில் நம் கண்ணுக்குத் தெரியாத இரண்டு எண்கள்: இன்றைய மொத்தத் திறன் ஒன்று, எதிர்காலத்தில் எட்டக்கூடிய உச்சத் திறன் மற்றொன்று. இரண்டும் 200 வரை போகும். யார் இந்த எண்களைப் போட்டது? ஒவ்வொரு நாட்டிலும் கழகத்தை நெஞ்சில் வைத்திருந்த சாதாரண ரசிகர்கள். வாரந்தோறும் மைதானத்துக்குப் போய், ரிசர்வ் அணியின் ஆட்டத்தையும் பையன்கள் அணியின் ஆட்டத்தையும் குளிரில் நின்று பார்த்து, தாங்கள் கண்டதை எண்ணாக்கி அனுப்பியவர்கள். பெரும்பாலும் அன்புக்காகச் செய்த வேலை.

அவர்கள் எதைப் பற்றியும் உறுதியாகச் சொல்ல முடியாத இடம் ஒன்று வரும். பதினாறு வயதுப் பையன். நன்றாக ஆடுகிறான். என்ன ஆவான்? அந்த இடத்தில் உச்சத் திறனாக ஓர் எதிர்ம எண்ணைப் போட வழி இருந்தது. -1 என்றால் நல்ல ஆட்டக்காரன் ஆகலாம். -2 என்றால் மிகப் பெரிய ஆட்டக்காரன் ஆகலாம். ஒவ்வொரு முறை நீங்கள் புதிதாகத் தொடங்கும்போதும் கணினி ஒரு வரம்புக்குள் புதிய எண்ணை அந்தப் பையனுக்குக் கொடுக்கும். ஒரு முறை உலகத்தையே வெல்வான். அடுத்த முறை அடிமட்ட லீகில் ஆடி ஓய்வு பெறுவான். போன முறை உங்கள் அணியைத் தூக்கி நிறுத்தியவனை நம்பி இந்த முறை வாங்கினால் ஏமாறலாம். 'இவனுடைய நாளையை நான் அறியேன்' என்று சொல்ல ஓர் எண்ணையே வைத்திருந்தார்கள் பாருங்கள், அதை எண்ணி எண்ணி நான் வியப்பதுண்டு.

இன்னொன்று. நீங்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லாத ஆட்டக்காரரின் குணங்கள் முழுதாகத் தெரியாமல் மறைந்திருக்கும். 01/02-இல்தான் இது வந்தது. ஆளை அனுப்பிப் பார்த்துவர வேண்டும், அல்லது பெயரை மட்டும் நம்பி எடுக்க வேண்டும்.

இந்தத் தொகுப்பிலிருந்து சிலர் நாயகர்களாக எழுந்தார்கள். பெலாரஸின் டினாமோ மின்ஸ்க் கழகத்தில் மக்சிம் சிகால்கோ என்ற முன்கள இளைஞர் இருந்தார். 01/02 ஆடிய யாரைக் கேட்டாலும் அந்தப் பெயரைச் சொல்வார்கள். சிறிய தொகைக்கு வந்து, கோல் மேல் கோலாக அடிப்பார். லண்டனின் மில்வால் கழகத்தில் செர்னோ சாம்பா. காம்பியாவில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த பையன். அவருக்குப் பதினைந்து பதினாறு வயதிருக்கும். எடுத்து மூன்று ஆண்டு பொறுத்தால் ஐரோப்பாவின் சிறந்த முன்கள வீரராக நிற்பார். ஸ்வீடனின் ஹேக்கன் கழகத்தில் கிம் ஷெல்ஸ்ட்ரோம் என்ற இடக்கால் நடுக்கள இளைஞர்.

நிஜத்தில் என்ன நடந்தது? ஷெல்ஸ்ட்ரோம் விஷயத்தில் தொகுப்பு சொன்னது பலித்தது. பிரான்சின் லியோன் கழகத்தில் ஆடினார், ஸ்வீடனுக்காக 131 ஆட்டங்கள் ஆடினார். சாம்பா இங்கிலாந்தின் இளையோர் அணிகளில் ஆடினார். லிவர்பூல் அவரைக் கேட்டது, பேச்சு கூடிவரவில்லை. பிறகு ஸ்பெயின், பின்லாந்து, கிரீஸ், நார்வே என்று கழகம் கழகமாக அலைந்தார். மில்வாலின் முதல் அணிக்கு அவர் ஒருமுறைகூட ஆடவில்லை. காம்பியாவுக்காகச் சில ஆட்டங்கள் ஆடினார். சிகால்கோவைக் காயங்கள் விடவில்லை. 26 வயதில் கால்பந்தை விட்டார். 2020 டிசம்பர் 25 அன்று இறந்தார். வயது 37.

அந்தச் செய்தி வந்த அன்று நண்பன் தொலைபேசியில் அழைத்தான். இருவருக்கும் பேச்சு வரவில்லை. ஒருமுறைகூட நேரில் பார்க்காத, ஆடியதைக்கூடக் காணாத ஒருவருக்காக மதுரையில் இரண்டு பேர் துக்கம் காத்தோம். எங்கள் பரிக்காக அவர் ஒரு பருவத்தில் அடித்த 31 கோல்களும் எங்களிடம் எழுத்தில் இருந்தன.

போர்ச்சுகலின் கோவேயா என்ற சிறு கழகத்தில் தோ மதேய்ரா என்று ஒரு முன்கள வீரரும் இருந்தார். யாராலும் தடுக்க முடியாத கோலடிப்பவர். அப்படி ஒரு தொழில்முறை ஆட்டக்காரர் உலகத்திலேயே இல்லை என்று பிறகு தெரியவந்தது. தகவல் தொகுத்துக் கொடுத்தவர் தம்மையே அந்தப் பெயரில் உள்ளே வைத்துவிட்டார். பின்னால் வந்த திருத்தத்தில் அந்தப் பெயரை நீக்கினார்கள். எனக்கு அந்த மனிதர் மேல் கோபமே வந்ததில்லை. தன் ஊர் மைதானத்தில் ஆடிய ஒருவர், உலகக் கால்பந்துப் புத்தகத்தில் தனக்கும் ஒரு வரி எழுதிக்கொண்டார். அரசரடியில் ஆடிய எங்களில் யாருக்கு அந்த ஆசை இல்லை?

தம்பி, இளமை நினைவு மட்டும்தானா என்று கேட்டீர்களே, இங்கேதான் அதற்கு என் பதில் இருக்கிறது. அந்தச் சிடியில் இருப்பது 2001-ஆம் ஆண்டு ஜூலை மாதம். ஜிதான் அப்போதுதான் ரியல் மாட்ரிட் போயிருக்கிறார். பஃபோன் ஜுவென்டஸுக்கு வந்திருக்கிறார். இப்ராஹிமோவிச் என்ற நெட்டைப் பையன் மால்மோவிலிருந்து அயாக்ஸுக்கு வந்து சில வாரம்தான் ஆகிறது. அவன் யாரென்று இன்னும் யாருக்கும் தெரியாது. சிகால்கோவுக்கு 18 வயது, காயங்கள் இன்னும் துரத்தவில்லை. சாம்பாவை எல்லாரும் விரும்புகிறார்கள். எல்லாருக்கும் எல்லாமும் இன்னும் நடக்கலாம். ஆயிரக்கணக்கான இளைஞர்களைப் பற்றி, அவர்களை நேரில் பார்த்த மனிதர்கள் ஒரே நேரத்தில் எழுதிவைத்த எதிர்பார்ப்பு அது. சில பலித்தன, பல பொய்த்தன. நான் திரும்பத் திரும்பத் திறப்பது அந்த எதிர்பார்ப்பைப் படிக்கத்தான். என்னுடைய பத்தொன்பதாம் வயது அதில் ஓரமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவே.

இனி எங்கள் பரியின் கதை. நண்பன் ஒரு நீள நோட்டு வைத்திருந்தான், அவன் அப்பா நெசவுக் கணக்கு எழுதும் வகை. அதில் ஒவ்வோர் ஆட்டத்தின் முடிவு, கோல் அடித்தவர், நிமிடம் எல்லாம் எழுதுவோம். கணினியில்தான் எல்லாம் இருக்கிறதே, ஏன் எழுத வேண்டும் என்று கடை அண்ணன் கேட்பார். எழுதியதுதான் காப்பாற்றியது. முதல் பருவத்தில் 17-ஆம் இடம். இரண்டாவதில் ஆறாவது. மூன்றாம் பருவத்தில் சிகால்கோ வந்தார். வேலை அனுமதி கிடைத்துவிட்டது என்ற செய்தியைப் பார்த்ததும் நண்பன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றான். அந்தப் பருவத்தில் முதல் டிவிஷனுக்கு ஏறினோம். கடைசி ஆட்டம் நடந்தது சித்திரைத் திருவிழாவின்போது. மறுநாள் அழகர் ஆற்றில் இறங்குவதால் கோரிப்பாளையம் முழுக்க ஜனம். கடையைச் சாத்தும் நேரம் வந்தும் அண்ணன் எங்களை எழுப்பவில்லை. அவரும் பின்னால் நின்று பட்டையில் வரும் வரிகளைப் படித்தார். அதுவரை அவருக்குக் கால்பந்தில் ஒரு பெயரும் தெரியாது.

பரி பிரீமியர் லீகின் வாசலில் நின்ற ஐந்தாம் பருவத்தில், ஒரு திங்கட்கிழமை மாலை போனபோது மூன்றாம் எண் கணினி புதிதாகத் துடைத்து வைத்த பலகை மாதிரி இருந்தது. வைரஸ் வந்து, பழுது பார்க்க வந்தவர் எல்லாவற்றையும் அழித்து மறுபடி விண்டோஸ் ஏற்றியிருந்தார். சேமித்த கோப்பு மிகப் பெரியது, ஃபிளாப்பியில் அடங்காது, வேறெங்கும் வைத்திருக்கவில்லை. அண்ணன் எங்களைவிட அதிகமாக வருந்தினார். ஒரு மாதம் காசே வாங்கவில்லை. அந்த ஆண்டே எங்கள் படிப்பு முடிந்தது. நண்பன் சூரத்துக்குப் போனான், நான் கோயம்புத்தூருக்கு.

நிஜப் பரிக்கு நடந்தது இதைவிடக் கொடியது. 2001-02 பருவத்தின் முடிவில் அது ஒரு படி கீழே இறங்கியது. அதே காலத்தில் பண நெருக்கடியில் நிர்வாகம் வெளியார் கைக்குப் போய், ரசிகர்கள் உண்டியல் குலுக்கிக் காப்பாற்றினார்கள். பதினேழு ஆண்டு கழித்து மறுபடியும் கடன். 2019 ஆகஸ்ட் 27 அன்று லீகிலிருந்து நீக்கப்பட்டது. 1894 முதல் விடாமல் லீகில் ஆடிய கழகம் ஒரே நாளில் இல்லாமல் போயிற்று. அன்று இரவு நண்பன் சூரத்திலிருந்து ஒரு படம் அனுப்பினான். நீள நோட்டின் முதல் பக்கம். மேலே பரி என்று அவன் தமிழில் எழுதியிருந்தது, கீழே எங்கள் முதல் பதினொருவர். அதற்கு நான் எதுவும் பதில் எழுதவில்லை.

ரசிகர்கள் விடவில்லை. புதிதாக ஒரு கழகம் தொடங்கினார்கள், ஆடுகளத்தை மீட்டார்கள், பிரிந்திருந்த இரு தரப்பும் சேர்ந்தது. 2023 முதல் பரி மீண்டும் கிக் லேனில் ஆடுகிறது, பழைய இடத்திலிருந்து பல படி கீழே. ஆனாலும் ஆடுகிறது.

இன்றைய 'ஃபுட்பால் மேனேஜர்' மோசமா என்றால், இல்லை. அது மிகுந்த உழைப்பில் பிறந்தது. இந்திய லீகையே அதில் ஆடலாம், அது எனக்குப் பெருமை. ஆனால் அதற்குக் கேட்கும் நேரம் அதிகம். செய்தியாளர் கூட்டம், பயிற்சி அட்டவணை, ஆட்டக்காரரின் மனக்குறை என்று ஒரு வாரத்தைத் தாண்டவே ஒரு மாலை போய்விடும். 01/02-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு பருவத்தை முடிக்கலாம். குடும்பம், வேலை என்றான பிறகு இந்த வேறுபாடு சிறியதில்லை. 2025-ஆம் ஆண்டுப் பதிப்பு வெளிவராமலே கைவிடப்பட்டபோது, பழையதைத் தூசி தட்டி எடுத்தவர்கள் என்னைச் சுற்றியே சிலர் உண்டு.

எப்படித் தொடங்குவது என்பதைச் சொல்லிவிடுகிறேன். 01/02-ஐ ஐடோஸ் நிறுவனமே பின்னாளில் இலவசமாகத் தந்துவிட்டது. ஆகவே நேர்வழியில் கிடைக்கும். எந்தப் பழைய மடிக்கணினியும் போதும். புதிய விண்டோஸில் அடம்பிடித்தால், நிரலின் பண்புகளுக்குள் போய்ப் பழைய விண்டோஸுக்குப் பொருந்தும் முறையில் ஓடவிடுங்கள். ஒரு நாட்டை, அதிகம் போனால் இரண்டை மட்டும் தேர்ந்தெடுங்கள். இன்றைய கணினிக்குப் பாரம் ஒன்றுமில்லை, ஆனால் உங்கள் கவனத்துக்குப் பாரம். பெரிய கழகத்தை எடுக்காதீர்கள். சிறந்த ஆட்டக்காரர் யார் யார் என்று பட்டியல்கள் கிடைக்கும், தயவுசெய்து பார்க்காதீர்கள். நான் மேலே சொன்ன மூன்று பெயர்களையும் முதல் ஆட்டத்தில் மறந்துவிடுங்கள்.

ஒன்றில் மட்டும் நான் பிடிவாதக்காரன். ரசிகர்கள் ஒவ்வோர் ஆண்டும் இன்றைய ஆட்டக்காரரை வைத்து இந்த விளையாட்டுக்குப் புதிய தகவல் தொகுப்பு செய்து தருகிறார்கள். அவர்கள் உழைப்புக்கு என் வணக்கம். ஆனால் நீங்கள் முதலில் ஆட வேண்டியது 2001-இன் தொகுப்பை. அந்த ஆட்டக்காரர்களில் பாதிப் பேரை உங்களுக்குத் தெரியாது என்பது குறையில்லை. அன்று எங்களுக்கும் தெரியாது. மின்ஸ்க் எங்கே இருக்கிறது என்று நிலப்படத்தில் தேடித்தான் நாங்கள் சிகால்கோவை எடுத்தோம்.

பக்கத்தில் ஒரு நண்பர் இருந்தால் இன்னும் நல்லது. ஒரு நோட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சேமித்த கோப்பை இரண்டு இடத்தில் வையுங்கள்.

நண்பன் போன ஆண்டு மதுரைக்கே திரும்பிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவன் வீட்டு மாடியில் உட்காருகிறோம். மறுபடியும் பரி, மறுபடியும் 2001 ஜூலை. அதே நீள நோட்டில், பாதியில் நின்ற பக்கத்துக்கு அடுத்த பக்கத்திலிருந்து எழுதுகிறோம். இப்போது இரண்டாம் பருவம், ஜனவரி. ஒன்பதாம் இடத்தில் இருக்கிறோம். சிகால்கோவை இன்னும் கேட்கவில்லை. அடுத்து ஓல்ட்ஹாமுடன் ஆட்டம், கிக் லேனில்.